மூத்தாள் கல், இளையாள் கல்

அந்தச் சாலைக்கு இரண்டு பெண்டாட்டி என்று பஸ் கண்டக்டர்கள் சொல்வார்கள். ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்பத்து மூன்றாவது கிலோமீட்டர் கல். ஏரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் இன்னொரு நாற்பத்து மூன்றாவது கிலோமீட்டர் கல். அந்தப் பக்கத்துக் கல்தான் முதலில் நட்டது, அதனால் அது மூத்தாள். இந்தப் பக்கத்துக் கல் பிறகு வந்தது, இளையாள். பஸ் தாமதமானால், "ரெண்டு வீடு வச்சவன் எந்த வீட்டுக்கு நேரத்துக்குப் போயிருக்கான்" என்று ஒரு சாக்கு தயாராக இருக்கும்.

இந்த வேடிக்கையை அவளுக்குச் சொன்னவர் அவள் கணவர். நெடுஞ்சாலைத் துறையில் ரோலர் ஓட்டினார். கல்யாணமான புதிதில் அவளுடைய அக்கா கேட்டாள், "உன் வீட்டுக்காரர் வண்டி என்ன வேகம் போகும்?"

"நடந்து போறவங்க முந்திட்டுப் போவாங்க."

"அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலையிலயே கிளம்பச் சொல்லு."

அவர் ஆளும் அப்படித்தான். பேச்சு, நடை, சாப்பாடு எல்லாம் ரோலர் வேகம். ஒரு கவளத்தை எடுத்து வாயில் போடுவதற்குள் சாலையைப் பற்றி ஒரு கதை சொல்லி முடித்துவிடுவார். அவள் தட்டு காய்ந்து கிடக்கும். அவளும் வேலைக்குப் போகிறவள்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பாடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பஸ் கால அட்டவணை என்று நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தைப் பார்த்துக் கண் எரிந்து வீட்டுக்கு வந்தால், இவர் சாலையை எடுத்து விரிப்பார். கேட்டுக் கேட்டே அந்தச் சாலையின் பூர்வீகம் முழுதும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

முதலில் அது துறைமுகத்திலிருந்து மலையடிவாரத்துக்கு உப்பு வண்டிகள் போன தடம். வண்டிக்காரர்கள் மேட்டைக் கண்டால் ஒதுங்கினார்கள், நீரைக் கண்டால் வளைந்தார்கள். சாலையில் இன்றைக்கும் காரணம் தெரியாத வளைவு எங்கே இருந்தாலும் அங்கே என்றோ ஒரு மாடு மறுத்து நின்றிருக்கிறது என்பார் அவர். பிறகு பட்டாளத்தை நகர்த்துவதற்காக யாரோ அதன்மேல் கல் பரப்பினார்கள். சண்டைக் காலத்தில் தார் ஊற்றினார்கள். அதற்கும் பிறகு மாநில அரசு அதை எடுத்துக்கொண்டு, ஓர் எண் கொடுத்து, நகரத்துத் தபால் ஆபீஸ் வாசலில் பூஜ்யம் என்று ஒரு கல்லை நட்டு, அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போனது. ஏரியின் நடுவே ஒரு கரை இருந்தது. சாலை அதன்மேல் நேராக ஓடி, அக்கரையில் ஏறியதும் நாற்பத்து மூன்று.

ஒரு வருஷம் மழை பெய்தது. கரை போயிற்று. திரும்பக் கட்டினார்கள், திரும்பப் போயிற்று. கடைசியில் ஏரியோடு மல்லுக்கட்ட முடியாது என்று சாலையை ஏரியைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். அதில் நான்கு கிலோமீட்டர் கூடிவிட்டது. அங்கேதான் வந்தது வினை. நான்கு கூடினால் அக்கரையிலிருந்து மலையடிவாரம் வரை எல்லாக் கல்லையும் மாற்றி எழுத வேண்டும். கல்லை மட்டும் மாற்றினால் போதுமா? பாலம், மதகு, மரம் எல்லாவற்றுக்கும் கல்லை வைத்துத்தான் கணக்கு. கடைக்காரன் பத்திரத்தில்கூட இன்ன கல்லுக்குக் கிழக்கே என்றுதான் எல்லை. தலைவலி போய்த் திருகுவலி வந்துவிடும் என்று பயந்து, அன்றைய இன்ஜினியர் சுற்றுப் பாதையில் மட்டும் நாற்பத்து மூன்று முதல் நாற்பத்தாறு வரை புதுக் கற்களை நட்டார். சுற்றி முடிந்து பழைய சாலையைத் தொடும் இடத்தில் பழைய நாற்பத்து மூன்று நின்றது நின்றபடி நின்றது. அதற்கப்புறம் நாற்பத்து நான்கு, ஐந்து, ஆறும் இரண்டாம் முறை வரும், ஆனாலும் பெயர் எடுத்தது நாற்பத்து மூன்றுதான்.

"அதாவது நாற்பத்தாறுக்கு அடுத்தது நாற்பத்து மூணு," என்றாள் அவள், முதன்முதலில் கேட்டபோது.

"ஆமா."

"இத்தனை வருஷமா ஒருத்தரும் திருத்தலையா?"

"ரோடு என்ன புஸ்தகமா? போறவனுக்கு ஊரு வந்தாச் சரி."

அப்போது அவள் சிரித்தாள்.

சாலைப் பணியாளர்கள் இடத்தை ஊர்ப் பெயராலோ கடைப் பெயராலோ சொல்ல மாட்டார்கள். எல்லாம் கல்தான். "ஐம்பத்தெட்டுல பள்ளம்", "அறுபத்து ரெண்டுல மரம் சாஞ்சிருக்கு." தங்களுக்குள் வெறுமனே நாற்பத்து மூன்று என்றால் அது மூத்தாள். இளையாளைச் சொல்ல வேண்டும் என்றால்தான் இளையாள் என்று சேர்த்துச் சொல்வார்கள். முதலில் வந்தவளுக்குத்தானே வீட்டுப் பெயர். அது அவர்களுக்குள் ஒரு சட்டம் மாதிரி. வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பது அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்கு முடியாமல் போனது மூத்தாள் கல்லுக்குப் பக்கத்தில். மத்தியானம். புதுத் தார் ஆறுவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டிருந்தார். ரோலர் மெதுவாக ஓரத்துக்குப் போய் மண்ணில் இறங்கி நின்றது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பிறகுதான் மேஸ்திரி ஏறிப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வியர்வை ஆறாக ஓடியது. மேஸ்திரி உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நெடுஞ்சாலையில் நாற்பத்து மூன்றாவது கிலோமீட்டர் கல் என்றார். தெளிவாகச் சொன்னார். கையில் போனைப் பிடித்தபடி ஆளைத் தூக்க முடியாதே. தடுப்புக் கம்பியில் தொங்கிய தன் சட்டைப் பைக்குள் அதைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து பறந்து வந்தது. நாற்பத்து மூன்று என்று எழுதிய கல் வந்ததும் நின்றது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாணல். ஆள் இல்லை, ரோலர் இல்லை, தார் வாசனைகூட இல்லை. திருப்பிப் போன் செய்தார்கள். சட்டைப் பையில் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரோ விளையாடுகிறான் என்று திட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஏரியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் போதும்.

பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஜல்லி லாரியில் ஏற்றினார்கள். ஏரி வளைவிலேயே முடிந்துவிட்டது. நேரத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா" என்றார் அவர். அந்தப் பதிலோடுதான் அவள் இத்தனை காலம் குடித்தனம் நடத்துகிறாள்.

மேஸ்திரி காரியம் முடியும்வரை கூடவே இருந்தார். பந்தல்காரனோடு பேசினார், நாற்காலி எண்ணினார், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. சாலை தெரியாத ஒரு வழிப்போக்கன் போன் செய்திருந்தால் ஏரிக்கு அப்பால், பஞ்சர் கடைக்கு எதிரே என்று சொல்லியிருப்பான். வண்டி நேரே வந்திருக்கும். சாலை தெரிந்தவர் சொன்னதால்தான் வரவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான். அந்த இரட்டை எண்ணைத் திருத்த வேண்டும். இன்னொருத்திக்கு இந்த மாதிரி ஆகக்கூடாது.

நெடுஞ்சாலைத் துறைக் கோட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அந்த அலுவலகத்து மர பெஞ்சில் எந்தப் பலகை ஆடும், எந்த மின்விசிறி சத்தம் மட்டும் போடும் என்பதெல்லாம் அத்துப்படி. முதல் இன்ஜினியர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பார்க்கிறேன் என்றார், மாற்றலாகிப் போனார். அடுத்தவர், இதற்கெல்லாம் அரசாணை வேண்டும் என்றார், ஓய்வு பெற்றார். அதற்கடுத்தவர் அவளைக் கண்டாலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். "கல்லுல நார் உரிக்கிறீங்கம்மா" என்று பியூன் ஒருநாள் பரிதாபப்பட்டான். "உரிச்ச நாரெல்லாம் இங்கதான் ஒரு பீரோவுல இருக்கு, தேடிப் பாரு" என்றாள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கோபமாக வந்த காலம் போய், பிறகு அழுகையாக வந்த காலமும் போய், இப்போது பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி போய் நின்றுவிட்டு வருவாள்.

இப்போது இருக்கிற இன்ஜினியர் ஒரு இளம் பெண். முதல் நாளே முழுக் கதையையும் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. "எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்கம்மா" என்றாள். எல்லோரும் கேட்பதுதானே என்று அவள் எழுந்து வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பெண் விடவில்லை. சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்தபோது அதோடு சேர்த்துப் புதுக் கற்களுக்கும் உத்தரவு வாங்கிவிட்டாள். போன வாரம் அவளே போன் செய்தாள். "நட்டாச்சும்மா. நீங்க போய்ப் பாருங்க. வண்டி அனுப்புறேன், மேஸ்திரியும் வருவார். முழுசா நினைச்சபடி செய்ய முடியலை. ஆனா ஏரிகிட்ட சரி பண்ணிட்டேன்."

முழுசா என்றால் என்ன என்று அவள் அப்போது கேட்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு எழுந்தாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். முட்டி வலிதான் வந்தது.

துறையின் பழைய பிக்கப் வண்டி. முன்னால் டிரைவர், நடுவில் மேஸ்திரி, ஜன்னலோரம் அவள். மேஸ்திரிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. டிரைவர் வாய் மூடாதவன்.

"ரோலர் அண்ணன் என்னை ஒரு தடவை ஏத்திக்கிட்டாரும்மா. டீ குடிக்கப் போனோம். போய்ச் சேர்றதுக்குள்ள டீக்கடையை வித்துட்டாங்க."

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா," என்றார் மேஸ்திரி.

"நல்லாத்தான் சொன்னான், விடு தம்பி," என்றாள் அவள்.

நாற்பத்திரண்டு. பிறகு ஏரி வளைவு. நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. வெள்ளையும் மஞ்சளுமாகப் புதுப் பெயின்ட். அவள் ஒவ்வொன்றையும் மனசுக்குள் படித்துக்கொண்டு வந்தாள், பக்க எண் சரிபார்க்கிற மாதிரி. வளைவு முடிந்து பஞ்சர் கடை தெரிந்தது. டிரைவர் வண்டியை ஓரம்கட்டினான்.

மூத்தாள் இருந்த இடத்தில் ஒரு புதுக் கல் நின்றது. நாற்பத்தேழு. பழைய கல்லைப் பிடுங்கி ஓரத்துப் பள்ளத்தில் குப்புறப் போட்டிருந்தார்கள். எழுத்துப் பக்கம் மண்ணில் புதைந்திருந்தது.

அவள் இறங்கி, புதுக் கல்லின் தலையில் கை வைத்தாள். வெயிலில் சுட்டது. நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தேழு. ஒரு வரி. இதற்காகத்தான் இத்தனை செருப்பு தேய்ந்தது.

"சரியா இருக்கா அண்ணி?" என்று பின்னாலிருந்து கேட்டார் மேஸ்திரி.

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப கிளம்பலாமா? வெயில் ஏறுது."

அவசரம் அவருக்கு. உச்சி வெயிலில் நின்று தாரை உருட்டச் சொல்கிற மனிதர் வெயிலைப் பற்றிப் பேசுகிறார். அவள் திரும்பிப் பார்த்தாள். வழக்கம்போல அவர் பார்வை சாலையில் இருந்தது. இன்ஜினியர் பெண் சொன்ன 'முழுசா' அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அச்சகத்தில் ஒரு பக்கத்தில் நான்கு வரி கூடினால் அந்த நான்கு வரி எங்கும் காணாமல் போகாது. அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். அது அதற்கடுத்த பக்கத்தைத் தள்ளும். அத்தியாயம் முடிகிற இடத்தில் வெற்றுத் தாள் இருந்தால் அங்கே அடங்கும். இல்லையென்றால் முட்டிக்கொண்டு நிற்கும்.

"தம்பி, நம்ம கோட்டம் எதுவரைக்கும்?"

"எழுபது வரைக்கும் அண்ணி."

"எழுபது இப்ப எழுபத்து நாலு ஆயிருக்கணுமே. அதுக்கு அந்தாண்ட?"

மேஸ்திரி செருப்பால் ஒரு ஜல்லியை ஓரத்துக்குத் தள்ளினார். டிரைவர் ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தான்.

"போய்ப் பாப்போம்," என்று அவள் வண்டியில் ஏறினாள்.

போகும் வழியெல்லாம் அவள் கற்களை எண்ணினாள்.  சாலை நன்றாகத்தான் இருந்தது. அகலமாக, நடுவில் வெள்ளைக் கோடு போட்டு. இந்தச் சாலையில் எந்த இடத்தை அவர் உருட்டினார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இப்போது அதன்மேல் வேறு தார், வேறு ரோலர். எழுபத்தொன்று கடந்தது, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு. அதற்குப் பிறகு கோட்ட எல்லைப் பலகை. பலகையைத் தாண்டியதும் பெயின்ட் உதிர்ந்த ஒரு பழைய கல், அடுத்த கோட்டத்தின் முதல் கல்.

எழுபத்தொன்று.

"அந்தக் கோட்டத்து இன்ஜினியர் ஒத்துக்கலை அண்ணி," என்றார் மேஸ்திரி. "எங்க கல்லைத் தொடாதே, எங்க மதகு எண்ணெல்லாம் மாறிடும்னுட்டார். நம்ம இன்ஜினியர் அம்மா எவ்வளவோ போராடிச்சு. மேல எழுதியிருக்கு. இன்னும் எழுதும்."

"தெரியும். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை."

டிரைவர் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம ஆளுங்க இதுக்கும் பேரு வச்சிட்டாங்கம்மா. இது மூத்தாளாம், அந்தாண்ட புதுசா நட்டது..."

மேஸ்திரி பார்த்த பார்வையில் அவன் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லி இறங்கிப்போனான்.

அவள் இறங்கிப் போய்ப் பழைய எழுபத்தொன்றின்மேல் உட்கார்ந்தாள். கல்லின்மேல் உட்காரக்கூடாது என்று கணவர் சொல்வார். அது அதிகாரி மாதிரியாம். இன்றைக்கு முட்டி அந்த மரியாதையைக் கேட்கவில்லை. பிழை போகவில்லை. நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏரிக்கரையில் கிடந்ததைத் தூக்கி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்க வைத்தவள் அவள். இங்கே யாரோ ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போகிறார். மேஸ்திரி மாதிரி ஒருவர் தெளிவாக எண்ணைச் சொல்லப்போகிறார்.

மறுபடி அலுவலகம், மறுபடி பெஞ்சு, இந்தத் தடவை பக்கத்துக் கோட்டத்தில். அங்கே எந்தப் பலகை ஆடும் என்று இனிமேல்தான் பழக வேண்டும். போவாள். ஆனால் இன்றைக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை.

மேஸ்திரி வந்து எதிரே மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு ஜல்லியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அன்னிக்கு நான் மட்டும்..."

"தெரியும் தம்பி."

"மூத்தாள்னு ஒரு வார்த்தை..."

"மூத்தாள்னு சொல்லியிருந்தா மட்டும் அவங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்? யாரோட மூத்தாள்னு கேட்டிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.  ஒரு லாரி போயிற்று. புழுதி அடங்கியது.

"ஆம்புலன்ஸ் ஆபீஸுக்குப் போன் போடு," என்றாள்.

அவர் பதறிப்போய் எழுந்தார். "என்ன பண்ணுது அண்ணி? நெஞ்சு ஏதாவது..."

"எனக்கு ஒண்ணும் இல்லை. போடு. இங்க ரெண்டு எழுபத்தொண்ணு இருக்கு, எழுபத்து நாலு வரைக்கும் அப்படித்தான்னு சொல்லு. எழுதி வச்சுக்கச் சொல்லு. நாளைக்கு நான் நேர்லயும் போய்ச் சொல்றேன். ஆனா முதல்ல நீ சொல்லு."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். எதிர்முனையில் ஒரு பெண் குரல் எடுத்தது. அவருக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும். "நெடுஞ்சாலையில எழுபத்தோராவது கிலோமீட்டர்..." என்று ஆரம்பித்தார்.

"நம்பரை விடு," என்றாள் அவள். "கல்லைப் பாக்காதே. தலையைத் தூக்கு. என்ன தெரியுது?"

மேஸ்திரி தலையைத் தூக்கினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குனிந்தே பழகிய கழுத்து. இந்த இடத்தில் எத்தனை தடவை பள்ளம் மூடியிருப்பார். முதல் தடவையாக வந்தவர் போலச் சுற்றிப் பார்த்தார்.

"அது... ஒரு நீலத் தண்ணி டேங்க் இருக்கும்மா. உயரமா. எதிர்ல பெட்ரோல் பங்க் கட்டிட்டு இருக்காங்க, இன்னும் திறக்கலை. பக்கத்துல ஒரு சைக்கிள் கடை. கடை வாசல்ல பழைய டயரா கட்டித் தொங்க விட்டிருக்கு. ஆமா, கோட்ட எல்லைப் பலகையைத் தாண்டி. இதே நம்பர்ல இன்னொரு கல்லு இதுக்கு முன்னாடியே வரும், அங்க நின்னுடாதீங்க. அதைத் தாண்டி வாங்க. தாண்டி வரணும்."

எதிர்முனைக் குரல் என்னவோ கேட்டது. மேஸ்திரி போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"அங்க யாருக்கு என்ன ஆச்சுன்னு கேக்குது அண்ணி."

அவள் கல்லில் கையூன்றி மெதுவாக எழுந்தாள்.

"இன்னும் யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொல்லு."